உஷார்! கறி கூடுகிறது, கன்று வெளியே வர வழியில்லை

அந்தக் காளையின் படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். வெள்ளையும் நீலச் சாம்பலும் கலந்த நிறம். தோளிலும் தொடையிலும் சதை பிதுங்கிக்கொண்டு, ஒவ்வொரு தசையும் தனித்தனியாகத் தெரியும். தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் ரத்தக்குழாய் ஓடும் தடம்கூடக் கண்ணுக்குப் படும். படத்துக்குக் கீழே யாரோ, ‘ஹார்மோன் ஊசி போட்டு ஊதவைத்த மாடு, ஜாக்கிரதை’ என்று எழுதியிருப்பார்கள்.

ஊசியும் கிடையாது, மருந்தும் கிடையாது. அது பெல்ஜியன் புளூ என்ற இனம். பிறவியிலேயே அந்த உடம்புதான். அதன் கறியைச் சாப்பிடுகிறவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. உஷாராக வேண்டியவர்கள் ஆடு மாடு வளர்க்கிறவர்கள், இனப்பெருக்கத் திட்டம் போடுகிறவர்கள், ‘30 சதவீதம் கூடுதல் இறைச்சி’ என்ற செய்தியைப் படித்ததும் கைதட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிற நாம். ஏனென்றால், அந்த இனத்துப் பசுக்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் வயிற்றைக் கீறித்தான் கன்றை எடுக்கிறார்கள். அந்த உடம்பைக் கொடுக்கும் அதே மரபணுவில் கைவைத்து உருவாக்கிய ஆட்டுக்குட்டி, 2024 டிசம்பரில் நம் நாட்டிலேயே, காஷ்மீரில் பிறந்துவிட்டது.

முதலில், எதற்காக இந்த ஓட்டம் என்று பார்த்துவிடுவோம். கறிமாடு வளர்க்கும் நாடுகளில் மாட்டின் விலை அதன் எடையோடு முடிந்துவிடாது. அறுத்து, தோல், தலை, குடல் எல்லாம் நீக்கித் தொங்கவிட்ட உடலில், எலும்பும் கொழுப்பும் போகச் சுத்தமான சதை எவ்வளவு தேறும் என்பதுதான் கணக்கு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 12-வது விலா எலும்புக்கும் 13-வது விலா எலும்புக்கும் நடுவில் வெட்டி, அங்கே தெரியும் முதுகுச் சதையின் பரப்பையும் அதன் மேல் படிந்த கொழுப்பின் தடிமனையும் அளக்கிறார்கள். ஐரோப்பாவில் தொங்கும் உடலின் வளைவைப் பார்த்தே எழுத்துப் போடுகிறார்கள்: எஸ், ஈ, யூ, ஆர், ஓ, பி. இதில் உச்சியில் இருக்கும் ‘எஸ்’, பெல்ஜியன் புளூ போன்ற ‘இரட்டைச் சதை’ மாடுகளை மனதில் வைத்தே உண்டாக்கிய வகுப்பு. சாதாரண மாட்டில் 100 கிலோ உயிர் எடைக்கு 55, 60 கிலோ தேறினால் நல்ல தேறல். பெல்ஜியன் புளூவில் அது 70 கிலோவை எட்டும். தரம் பிரிக்கும் விதியே உச்ச மதிப்பை அங்கே வைத்துவிட்டால் பண்ணைக்காரர் வேறு எதைத் தேடிப் போவார்?

தேடினால் சீக்கிரம் கிடைக்கவும் செய்கிறது. சதைத் தேறல் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நன்றாக இறங்கும் குணம். ஒரே இனத்து மாடுகளுக்குள் காணும் வித்தியாசத்தில் சுமார் 40 சதவீதம் மரபால் வருவது. சினை பிடிக்கும் திறன் இப்படி இறங்காது. அதில் மரபின் பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே. எனவே சதைக்காகக் காளை பொறுக்கினால் சில தலைமுறையிலேயே பலன் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பலனோடு ஒட்டிக்கொண்டு வரும் கேடு தெரிய இன்னும் சில தலைமுறை ஆகும். இடைப்பட்ட காலத்தில் அந்தக் காளையின் விந்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

தசைக்கு உடம்பே போட்டு வைத்திருக்கும் கடிவாளத்தின் பெயர் மயோஸ்டாட்டின். தசை செல்கள் தாங்களே சுரக்கும் புரதம் அது. ‘போதும், இனி வளராதே’ என்று சொல்வது அதன் வேலை. 1997-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சே-ஜின் லீயின் குழு எலிகளில் இந்த மரபணுவை முடக்கிப் பார்த்தது. எலிகளின் தசைகள் இரண்டு, மூன்று மடங்கு எடை கூடின. அதே ஆண்டிலேயே பெல்ஜியத்தின் லீஜ் பல்கலைக்கழகத்தினர், பெல்ஜியன் புளூ மாட்டின் மயோஸ்டாட்டின் மரபணுவில் 11 எழுத்துகள் விடுபட்டுப் போயிருப்பதைக் காட்டினார்கள். அந்த 11 எழுத்து போனதும் பின்னால் வரும் வாசகம் முழுக்கக் குழம்பிவிடுகிறது. புரதம் பாதியில் நின்றுபோகிறது. இத்தாலியின் பியமாண்டீஸ் இனத்தில் அதே மரபணுவில் வேறொரு பிழை: 313-வது இடத்தில் சிஸ்டீன் இருக்க வேண்டிய இடத்தில் டைரோசின். பெற்றோர் இருவரிடமிருந்தும் பிழை வந்து சேர்ந்தால்தான் முழு இரட்டைச் சதை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் சதை ஓரளவு கூடும், கொழுப்பு குறையும், அவ்வளவுதான்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கூடுதல் சதை, பிறந்த பிறகு போடும் தீனியால் வருவதில்லை. தாய் வயிற்றில் கரு வளரும்போதே தசைநார்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. கன்று வெளியே வரும்போதே தொடையும் சப்பையும் பெருத்துத்தான் வரும். தாயும் அதே இனம், அதே மரபணு. அதனால் தாயின் இடுப்பெலும்புக்கு நடுவே உள்ள வழி குறுகியிருக்கும். உள்ளே கன்று பெரிசு, வெளியே வாசல் சிறிசு.

கீறித்தான் எடுக்க வேண்டும்

பெல்ஜியத்துப் பண்ணையில் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பசுவைப் படுக்கவைப்பதில்லை. நின்றபடியே சுவரோரம் கட்டிவிட்டு, இடது விலாப்பக்கம் மயிரை மழித்து, கழுவித் துடைத்து, அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுகிறார்கள். மாடு முழு நினைவோடு நிற்கும். கால்நடை டாக்டர் மேலிருந்து கீழாகத் தோலைக் கீறுவார். அடுத்து தசை அடுக்குகள், அடுத்து வயிற்றின் உள்சவ்வு. தோள்பட்டை வரை கையை உள்ளே விட்டுக் கருப்பையைத் தேடி, வெட்டுக்கு நேராக இழுத்து வந்து, அதையும் கீறுவார். பெரும்பாலும் கன்றின் பின்னங்கால்தான் முதலில் கைக்கு வரும். அதில் சங்கிலி மாட்டி ஆட்கள் மேல்நோக்கி இழுப்பார்கள். 45, 50 கிலோ எடையுள்ள கன்று தாயின் விலாப்பக்கத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்து வைக்கோலில் விழும். பிறகு கருப்பைக்குத் தையல், தசைக்குத் தையல், தோலுக்குத் தையல்.

அடுத்த ஈற்றுக்கும் அதே பசு, அதே இடது பக்கம். பழைய தழும்புக்கு அடியில் குடலும் கருப்பையும் வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் வேலை கடினமாகும். பெரும்பாலான பண்ணைகளில் பசு முக்குகிறதா, வழி திறக்கிறதா என்று பார்ப்பதுகூட இல்லை. நாள் நெருங்கியதும் டாக்டரை வரச்சொல்லிவிடுகிறார்கள். ஈன முடியுமா என்ற கேள்வியே அங்கே எழாமல் போய்விட்டது.

கன்று பிழைத்து வந்தாலும் கதை முடியவில்லை. சிலவற்றுக்கு நாக்கு தடித்து, வாய்க்குள் அடங்காமல் இருக்கும். மடியைப் பிடித்துச் சீம்பால் குடிக்க முடியாது. சீம்பால் உள்ளே போகாத கன்றின் கதி என்னவென்று மாடு வளர்த்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கால்மூட்டு வளைந்து பிறப்பதும் உண்டு. உடம்பு அளவோடு ஒப்பிட்டால் இதயம், நுரையீரல், ஈரல், குடல் எல்லாமே இவற்றுக்குச் சிறியவை. சதை கூடிய அளவுக்கு அதற்குக் காற்றும் ரத்தமும் அனுப்பும் உறுப்புகள் கூடவில்லை. மூச்சுத்திணறல் சீக்கிரம் வரும். வெயில் தாங்காது.

இந்த நிலைக்கு அவர்கள் ஒரே நாளில் வந்து சேரவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் நாட்டு மாடுகளோடு இங்கிலாந்தின் ஷார்ட்ஹார்ன் காளைகளைக் கலந்து உருவாக்கிய இனம் இது. வெகுகாலம் பாலுக்கும் கறிக்கும் சேர்த்தே வளர்த்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் சதையை நோக்கித் திரும்பினார்கள். செயற்கைக் கருவூட்டல் வந்ததும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிறந்துகொண்டிருந்த இரட்டைச் சதைக் காளைகளின் விந்து நாடு முழுக்கப் போனது. 1985-ல் ஆன்செ, மிஷோ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இது ஒற்றை மரபணுவின் வேலை என்று காட்டிய நேரத்தில், இனத்தின் பெரும்பகுதி அந்த வடிவத்துக்கு மாறியிருந்தது.

என் கணிப்பில், அங்கே ஆபத்தை மறைத்தது கால்நடை மருத்துவர்களின் கைத்திறன்தான். வேகமாக, அதிகச் செலவில்லாமல், தாயும் கன்றும் பிழைக்கும்படி சிசேரியன் செய்யத் தெரிந்த டாக்டர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் இந்த இனம் இரண்டு தலைமுறைகூட நிலைத்திருக்காது. ஈன முடியாத தாய் செத்திருக்கும், அதோடு அந்த மரபணுவும் போயிருக்கும். கத்தி குறுக்கே வந்து, அந்த மரபணு வெளியேறும் வழியை அடைத்தது. நம் ஊரில் நள்ளிரவில் தலையீத்துக் கிடேரிக்குக் கன்று மாட்டிக்கொண்டால் டாக்டர் எத்தனை மணிக்கு வந்து சேருகிறார் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல மாட்டுக்குள் ஒளிந்த நோய்

ஈற்றுச் சிக்கலாவது எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. எனக்கு இதில் அதிகம் பயம் தருவது கண்ணுக்குத் தெரியாத வேறொன்று. சதையைப் பார்த்து மட்டும் காளை பொறுக்கினால், நோய் சுமக்கும் காளையையே நாம் நல்ல காளை என்று பொறுக்கிவிடுவோம். இது ஊகம் இல்லை, நடந்தது.

பெல்ஜியன் புளூ கன்றுகளில் ஒரு பிறவிக் கோளாறு தலைகாட்டியது. வால் கோணி நிற்கும், தலை குட்டையாக அகலமாக இருக்கும், முதுகெலும்பு வளையும், பின்னங்கால் விறைக்கும், வளர்ச்சி குன்றும். கோணல் வால் நோய் என்று பெயர் வைத்தார்கள். வழக்கமாக இந்த மாதிரிப் பின்னடங்கு நோய்கள், அதாவது தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பிழை வந்தால் மட்டும் வெளிப்படும் நோய்கள், ஓர் இனத்தில் அபூர்வமாகவே இருக்கும். இது மட்டும் ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது என்பது புரியாத புதிராக இருந்தது. லீஜ் பல்கலைக்கழகக் குழு தேடிப்போய், எம்.ஆர்.சி.2 என்ற மரபணுவில் இரண்டே இரண்டு எழுத்து விடுபட்டிருப்பதைக் கண்டது. 2009-ல் அந்த ஆய்வு வெளியானது.

அதில் தெரிந்த செய்தியைக் கவனியுங்கள். ஒரு பிரதி மட்டும் சுமக்கும் மாடுகளுக்கு நோய் இல்லை. நோய் இல்லாததோடு, மற்ற மாடுகளைவிடச் சதை தூக்கலாக இருந்தது. கண்காட்சித் திடலிலும் தரம் பார்க்கும் இடத்திலும் நிற்கும்போது அவைதான் எடுப்பாகத் தெரிந்தன. பண்ணைக்காரரும் தேர்வாளரும் அவற்றையே தேடித் தேடிப் பொலிகாளையாக வைத்தார்கள். யாரும் கெட்ட நோக்கத்தோடு செய்யவில்லை. தேர்வு முறை சொன்னதைச் சரியாகச் செய்தார்கள். முடிவில் அந்த இனத்தின் மாடுகளில் நான்கில் ஒன்று அந்த மரபணுவைச் சுமந்துகொண்டிருந்தது.

நான்கில் ஒன்று என்றால் என்ன அர்த்தம் என்று கணக்குப் போடுங்கள். தாய் சுமக்க வாய்ப்பு நான்கில் ஒன்று, தகப்பன் சுமக்க நான்கில் ஒன்று, இருவரும் சுமந்தால் கன்றுக்கு நோய் வர நான்கில் ஒன்று. பெருக்கினால் 64 கன்றுக்கு ஒன்று. ஒரு பண்ணைக்காரருக்கு இது ‘துரதிர்ஷ்டம்’ போலத் தெரியும். அக்கம்பக்கத்தில் அவ்வப்போது ஒரு கன்று கோணலாகப் பிறக்கும், கழித்துவிடுவார்கள், மறந்துவிடுவார்கள். ஆனால் ஒரு நாட்டின் கணக்கில் அது ஆயிரக்கணக்கான கன்று. எல்லாப் பண்ணைகளின் பதிவையும் ஓர் இடத்தில் குவித்துப் பார்த்தால்தான் வடிவம் தெரியும். அதே பெல்ஜியக் குழு, 2008-ல் இதே இனத்தில் கன்றுகளின் தசை விறைத்துச் சாகும் இரண்டு வேறு மரபு நோய்களையும் இப்படித்தான் பிடித்தது: மரபணுச் சோதனைக்கு ரத்தமும், கூடவே ஒழுங்கான பிறப்புப் பதிவும் இருந்ததால்.

இதே கூத்து முன்பும் அரங்கேறியிருக்கிறது என்பதுதான் ஆற்றாமையைத் தருகிறது. 1940-களிலும் 50-களிலும் அமெரிக்காவில் ஹியர்ஃபோர்டு மாடுகளைக் குட்டையாக, கச்சிதமாக, தடித்த உடம்போடு வளர்ப்பதுதான் நாகரிகம். கண்காட்சிப் பரிசெல்லாம் அப்படிப்பட்ட காளைகளுக்கே போனது. அந்தக் கச்சிதத்துக்குப் பின்னால் குள்ளக் கன்று பிறக்கவைக்கும் மரபணு ஒளிந்திருந்தது. ஒரு பிரதி சுமந்த காளை கச்சிதமாகத் தெரிந்தது. இரண்டு பிரதி சேர்ந்த கன்று மூச்சுவிடும்போதே குறட்டைச் சத்தம் எழுப்பிக்கொண்டு, வயிறு உப்பி, வளராமல் கிடந்தது. மரபணுச் சோதனை இல்லாத காலம். சந்தேகப்பட்ட பரம்பரை முழுவதையும் கழித்துக்கட்டித்தான் மீண்டார்கள். எத்தனை நல்ல மாடும் அதோடு போயிருக்கும்.

பன்றியிலும் இதே நடந்தது. பெல்ஜியத்தின் பியேத்ரான் கிராமத்துப் பெயரைத் தாங்கிய பன்றி இனம், கொழுப்பில்லாத சதைக்குப் பேர்போனது. லாரியில் ஏற்றினால், வெயிலில் ஓட்டினால், சண்டை போட்டால், அப்படியே விறைத்துச் செத்துவிழும். செத்த பன்றியின் கறியும் வெளிறி, தொளதொளத்து, நீர் கசியும். குட்டியின் மூக்கில் ஹாலோத்தேன் மயக்க மருந்தைப் பிடித்து, எது விறைக்கிறது என்று பார்த்துத்தான் வெகுகாலம் கண்டுபிடித்தார்கள். 1991-ல் கனடாவில் டேவிட் மக்லெனன் குழு இதற்குக் காரணமான ஒற்றை எழுத்து மரபணுப் பிழையைக் கண்டது. சதையைக் கூட்டியதும் அதே பிழை, கொன்றதும் அதே பிழை.

சட்டத்தால் தடுக்க முடியாதா என்று கேட்பீர்கள். ஸ்வீடன் முயன்றது. விலங்குக்குத் துன்பம் தரக்கூடிய இனப்பெருக்கம் கூடாது என்ற தன் நாட்டு விதியைக் காட்டி, பெல்ஜியன் புளூ விந்தைப் பயன்படுத்தியவர்கள் மீது வழக்குப் போட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 1998 நவம்பரில் தீர்ப்பு வந்தது: வேறொரு உறுப்பு நாட்டில் முறைப்படி ஏற்றுக்கொண்ட காளையின் விந்தை இந்தக் காரணம் சொல்லி ஸ்வீடன் தடுக்க முடியாது. பொதுச் சந்தை விதிகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு மரபணு சந்தைக்குள் நுழைந்து, அதற்கு விலையும் வைத்துவிட்டால், பிறகு அதை வெளியேற்ற ஓர் அரசாங்கத்தாலேயே முடியாமல் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சதை கூட்டும் மரபு மாற்றம் எல்லாமே இப்படி இல்லை. பிரான்சின் லிமூசின் மாடுகளில் மயோஸ்டாட்டின் மரபணுவில் மென்மையான ஒரு மாற்றம் உண்டு. சதை கூடுகிறது, ஈற்றில் பெரிய சிக்கல் இல்லை. பியமாண்டீஸ் பசுக்கள் பெல்ஜியன் புளூ அளவுக்குத் திணறுவதில்லை. பால் மாட்டுக்குப் பெல்ஜியன் புளூ விந்து போட்டுப் பிறக்கும் கன்றுக்கு ஒரு பிரதிதான் வரும். ஐரோப்பாவில் பால் பண்ணைக்காரர்கள் அதைக் கறிக்கு விற்று நல்ல காசு பார்க்கிறார்கள். ஆபத்து எங்கே என்றால், அந்தக் கலப்புக் கிடேரியை விற்காமல் வைத்துக்கொண்டு, அதற்கே மறுபடி அதே இனக் காளையைச் சேர்க்கும்போதுதான். பிறக்கும் கன்றுகளில் பாதிக்கு இரண்டு பிரதியும் வந்துவிடும். பதிவேடு இல்லாத இடத்தில் எந்தக் கிடேரி எந்தக் காளைக்குப் பிறந்தது என்று யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

நம் வாசலுக்கு வந்துவிட்டது

இதுவரை சொன்னதெல்லாம் இயற்கையில் தானாக நேர்ந்த பிழைகள். இப்போது அந்தப் பிழையை ஆய்வகத்தில் வேண்டுமென்றே உண்டாக்க முடிகிறது. 2015-ல் தென்கொரிய, சீன விஞ்ஞானிகள் மயோஸ்டாட்டினை முடக்கிய பன்றிகளை அறிவித்தார்கள். படத்தில் பின்தொடை உருண்டு திரண்டு நின்றது. ஆனால் பிறந்த 32 குட்டிகளில் எட்டு மாதம் வரை உயிரோடு இருந்தவை 13. படத்தைப் பகிர்ந்த அளவுக்கு இந்தக் கணக்கை யாரும் பகிரவில்லை. அதே ஆண்டில் மாட்டிலும் ஆட்டிலும் இதைச் செய்துகாட்டினார்கள். அதில் பயன்படுத்திய மாட்டினம் எது தெரியுமா? பிரேசிலின் நெலோர். நம் பக்கத்து ஆந்திரத்தின் நெல்லூர்ப் பெயரைத் தாங்கிப் போன, ஓங்கோல் மாட்டின் வாரிசு. வெயிலைத் தாங்கும், தானாக ஈனும், காடுமேட்டில் மேய்ந்து பிழைக்கும் உடம்பு என்பதற்காகவே பிரேசில் இங்கிருந்து கொண்டுபோய்ப் பெருக்கிய இனம் அது. எந்தக் குணங்களுக்காக அதை எடுத்துப் போனார்களோ, அவற்றையே அசைக்கக்கூடிய மரபணுவில் கைவைக்கிறார்கள்.

காஷ்மீர் ஆட்டுக்குட்டி 2025-ல் செய்தியானது. ஷெர்-இ-காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இந்தியாவின் முதல் மரபணு திருத்திய செம்மறி. மயோஸ்டாட்டினைத் திருத்தியதால் தசை ஏறக்குறைய 30 சதவீதம் கூடும் என்று சொன்னார்கள். அந்த விஞ்ஞானிகளின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. நம் ஆய்வகம் ஒன்றில் இது முடிந்தது பெருமைதான். ஆனால் ஒரு குட்டி பிறந்ததும் திட்டம் வென்றுவிட்டது என்று பேசுவதுதான் பதறவைக்கிறது. அந்தக் குட்டி வளர்ந்து, சினையாகி, குட்டி போட்டு, அந்தக் குட்டியும் குட்டி போடும்வரை நாம் அறிந்தது பாதிதான். ஆய்வுக்கூடத்தில் டாக்டர்கள் சூழப் பிறப்பது வேறு. மேய்ச்சலுக்குப் போன இடத்தில், வேலியோரம், கீதாரி ஒருவர் மட்டும் பக்கத்தில் இருக்கும்போது பிறப்பது வேறு.

ஒரே காளையை நாடு முழுக்கப் பரப்புவதால் வரும் ஆபத்து நமக்குப் புதிதும் இல்லை. நம் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் சினை ஊசி போட எடுக்கும் உறைவிந்துக் குச்சியில், ஹோல்ஸ்டீன் என்றால், அதன் பரம்பரை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும். அங்கே 1990-களின் தொடக்கத்தில் சோதித்தபோது, ஹோல்ஸ்டீன் பொலிகாளைகளில் சுமார் 14 சதவீதம் பி.எல்.ஏ.டி. என்ற நோய் எதிர்ப்புக் குறைபாட்டைச் சுமந்தன. எல்லாம் பால் கணக்கில் உச்சத்தில் இருந்த ஒரு காளையின் வாரிசுகள். அதன் பிறகுதான் சோதனை கட்டாயமானது. இன்று நம் நாட்டு உறைவிந்து நிலையங்களுக்கான விதிமுறையிலும் பொலிகாளைக்கு இந்தச் சோதனை உண்டு. விதி இருப்பது வேறு, உங்கள் பசுவுக்குப் போடும் குச்சியின் காளை எண்ணை நீங்கள் எழுதி வைத்திருப்பது வேறு. பெரும்பாலான வீடுகளில் ‘எச்.எஃப். ஊசி’, ‘ஜெர்சி ஊசி’ என்பதோடு தகவல் முடிந்துவிடுகிறது.

எனவே கேட்கிறேன், கெஞ்சியும் கேட்கிறேன். மாடு வைத்திருக்கிறீர்களா? சினை ஊசி போடும்போது குச்சியில் அச்சிட்ட காளை எண்ணைக் குறித்து வையுங்கள். கன்று கோணலாகப் பிறந்தால், செத்துப் பிறந்தால், புதைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். காளை எண்ணோடு மருந்தகத்தில் சொல்லுங்கள், எழுதிக்கொடுங்கள். ஆளுக்கொரு கன்று என்று சிதறிக் கிடப்பதால்தான் இந்த நோய்கள் இவ்வளவு காலம் ஒளிந்திருக்கின்றன. ஆன்லைனில் யாராவது ‘வெளிநாட்டு இரட்டைச் சதை இனம்’ என்று விந்தோ கன்றோ விற்க வந்தால் வாங்காதீர்கள். உங்கள் நாட்டுக் கிடேரியின் இடுப்பு அதற்காகப் படைக்கப்படவில்லை.

கால்நடைத் துறையில் இருப்பவர்களுக்கும், திட்டத்துக்குப் பணம் ஒதுக்குகிறவர்களுக்கும், செய்தி எழுதுகிறவர்களுக்கும்: கூடுதல் இறைச்சிச் சதவீதத்தை யார் கொண்டுவந்தாலும், அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று எண்களைக் கேளுங்கள். எத்தனை தாய்கள் உதவியில்லாமல் ஈன்றன? எத்தனை குட்டிகள் பால்குடி மறக்கும்வரை உயிரோடிருந்தன? இரண்டாம் தலைமுறையில் அந்த இரண்டு எண்களும் என்ன? இவற்றை எழுத்தில் தராத எந்தத் திட்டத்தின் விந்தும் கருவும் ஆய்வக வேலியைத் தாண்டி ஒரு விவசாயியின் தொழுவத்துக்கு வரக் கூடாது.